லோகநாதன் பெயரில் வரும் சிலிண்டர்

ஜூன் 4

ஆரோக்கியசாமி சார் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு எழுதுகிற பழக்கம் கிடையாது. நான் ரத்தம் எடுப்பவள். கரூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக ஊர்க்காரர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடிக்கொண்டிருக்கிறேன். சார் மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வருவார். டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்று, இப்போது நுகர்வோர் சங்கம் என்று ஊர் வம்பையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அலைகிறார். இன்று ஊசியை வைத்துக்கொண்டே என் கேஸ் ஏஜென்சிக் கதையைச் சொன்னேன். வலித்தாலும் கையை இழுக்காமல் கேட்டார்.

"எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்கம்மா. யாரு, என்ன சொன்னாங்க, எவ்வளவு வாங்குனாங்க. அது போதும். மனசுல பட்டதெல்லாம் நுகர்வோர் ஆணையத்துக்கு வேண்டாம்."

சரி, எழுதுகிறேன். வீட்டு கேஸ் இணைப்பு லோகநாதன் பெயரில் இருக்கிறது. லோகநாதன் என் கணவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னை விட்டுவிட்டுக் குளித்தலையில் பிரமிளா என்பவளோடு குடித்தனம் போய்விட்டார். ஆள் போனாலும் இணைப்பு போகவில்லை. செல்போனிலேயே நான் சிலிண்டர் பதிவு செய்துவிடலாம். ஆனால் சிலிண்டரை இறக்கும்போது சொல்ல வேண்டிய ஓடிபி அவருடைய போனுக்குத்தான் போகும். சிலிண்டர் போடுகிற பெரியண்ணன் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். நான் குளித்தலைக்குப் போன் போட வேண்டும். அவர் நான்கு எண் சொல்வார், வைத்துவிடுவார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

மே 29 அன்று போனை அவள் எடுத்தாள். "அவர் குளிச்சிட்டிருக்காருங்க. ஓடிபிதானே? நான் சொல்றேன்" என்று நான்கு எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "எழுதிக்கிட்டீங்களாக்கா?" என்று வேறு கேட்டாள்.

மறுநாளே ஏஜென்சிக்குப் போய் இணைப்பை என் பெயருக்கு மாற்றச் சொன்னேன். மேலாளர் கணக்கு சொன்னார்: புது அடுப்பு, புது டியூப், லைட்டர், சோதனைக் கட்டணம், எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது.

"எங்கிட்ட நல்ல அடுப்பு இருக்குதுங்க."

"பேர் மாத்தணும்னா அடுப்பு எடுத்தே ஆவணும்மா. ரூல்ஸ்."

கட்டினேன். பணத்தை எண்ணி டிராயரில் போட்ட பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். கீழே, இணைப்பை வைத்திருப்பவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டுமாம்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையேம்மா."

ஜூன் 5

அடுப்புப் பெட்டி கூடத்தில் கிடக்கிறது. இடித்துக்கொண்டு நடக்கிறேன்.

ஜூன் 11

சார் ரசீதை வாங்கிப் பார்த்தார். அடுப்பு வாங்கினால்தான் பெயர் மாற்றம் என்பதெல்லாம் சுத்தப் பொய்யாம். வீட்டில் இருக்கிற அடுப்பையே வைத்துக்கொள்ளலாமாம். சோதனைக் கட்டணம் என்று வாங்கியிருக்கிறார்களே, யாராவது வந்து சோதித்தார்களா என்று கேட்டார். யாரும் படியேறவில்லை என்றேன்.

"இவங்களை விடக் கூடாது. ஆனா படிவத்துல உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டா நம்ம பக்கம் இன்னும் பலம். கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டாச்சு சார். போட மாட்டேங்கறாரு."

கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் ஆக்கிப் போட்டவளுக்கு இது கூடவா தெரியாது?

ஜூன் 25

சிலிண்டர் பதிவு செய்தேன். மே மாதம் வந்த நிறை சிலிண்டரைக் கீழ் வீட்டு மெகருன்னிசா அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா டீக்கடைகளுக்குச் சமோசா போட்டுக் கொடுக்கிறார். பாவம், வியாபாரத்துக்கான சிலிண்டர் விலையில் அவர் என்ன சம்பாதிக்க முடியும்? பில் விலைக்கே கொடுத்தேன், ஒரு ரூபாய் கூட வைக்கவில்லை.

"எனக்கு இருக்கறதே போதும் தங்கச்சி. போன மாசமும் நீதான் வம்படியா உருட்டிட்டு வந்தே. ஒனக்கு வேண்டாமா?" என்றார்.

நான்தான் வேறு பதிவு செய்துவிட்டேனே என்றேன்.

ஜூன் 28

காலை 10.20. சிலிண்டர் வந்தது. பெரியண்ணன் பில்லுக்கு மேல் அறுபது ரூபாய் கேட்டார். எதற்கு என்றேன். "ரெண்டாவது மாடிக்கா. முட்டி தேஞ்சுபோச்சு" என்றார். பில்லிலேயே வீடு வரை கொண்டுவரும் கூலி அடக்கம் என்று சார் சொன்னதைச் சொன்னேன். "அந்தக் கூலி ஓனரு பைக்குப் போவுதுக்கா. எனக்குச் சம்பளமே இந்த அறுபதுதான்" என்றார். கொடுத்தேன். எழுதி வைத்தாகிவிட்டது.

குளித்தலைக்குப் போன் போட்டேன். இந்த முறை அவரே எடுத்தார். ஏழு, ஏழு, ஒன்று, நான்கு. சளி பிடித்திருக்கிறது. நான் விசாரிக்கவில்லை, குரலிலேயே தெரிந்தது. ஆடி பிறக்கப் போகிறது, அவருக்கு இந்தக் காற்று ஒத்துக்கொள்ளாது. சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுக்க அங்கே யாருக்குத் தெரியும்? இது ஆணையத்துக்கு வேண்டாம்.

ஜூலை 3

ஏஜென்சியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். மேலாளர் வாங்க மறுத்தார். சார் சொல்லிக் கொடுத்தபடி பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

"அறுபது ரூபா நீங்க சந்தோஷமாக் குடுக்கறதும்மா. அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்றார் மேலாளர்.

"என் முகத்தைப் பாத்தா சந்தோஷமாக் குடுக்கற மாதிரியா இருக்குது?" என்றேன். வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிந்தது.

ஜூலை 27

பழிவாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து வீட்டிலேதான் இருக்கிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வண்டி எங்கள் தெருவுக்கே வரவில்லை. ஆனால் 'வீடு பூட்டியிருந்தது' என்று போட்டு சிலிண்டரைத் திருப்பிவிட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் போன் செய்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவராகவே செய்தார். நான்தான் எடுத்தேன், வேறு யார் எடுப்பார்கள்?

"வீட்டுல இல்லையா? கதவு பூட்டியிருக்குதுன்னு மெசேஜ் வந்திருக்குது."

"இங்கதான் இருக்கறேன். பொய் சொல்றானுங்க."

"உடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்குது."

"சரி. ஏஜென்சில சத்தம் போடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பதினோரு மணி நாற்பது நிமிஷத்துக்கு வந்த அழைப்பு. ஒரு நிமிஷம் எட்டு நொடி. வீடு பூட்டியிருக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி என்பதால் நேரத்தைக் குறித்து வைக்கிறேன். அடுப்பில் வைத்த கீரை கருகிவிட்டது. பரவாயில்லை, நன்றாகவே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2

இன்று சிலிண்டர் வந்தது. அறுபது ரூபாய். ஓடிபி கேட்கப் போன் போட்டேன். எண்ணை மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் ஆள் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 19

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தாகிவிட்டது. வக்கீல் கூடத் தேவையில்லையாம், நாமே நின்று பேசலாமாம். சார் இந்த நோட்டைக் கேட்டார், நகல் எடுத்து இணைக்கலாம் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்து கோணலாக இருக்கிறது, வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். உட்கார்ந்து, வேண்டியதை மட்டும் எடுத்து எழுதினேன். இவ்வளவு எழுதியதில் வழக்குக்கு ஆனது ஒன்றரைப் பக்கம்.

ஆகஸ்ட் 28

மெகருன்னிசா அக்கா இன்று சிலிண்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வைக்க இடம் இல்லையாம், அவர் மகன் திட்டுகிறானாம். "இந்த ஒரு தடவை மட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். உதவி செய்கிறவளைப் பார்க்கிற பார்வையா அது?

அக்டோபர் 14

ஏஜென்சியின் பதில் மனு வந்துவிட்டது. அடுப்பை நானே ஆசைப்பட்டு வாங்கினேனாம். அறுபது ரூபாய் விஷயமே அவர்களுக்குத் தெரியாதாம். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு பட்டியல் இணைத்திருக்கிறார்கள். போன வருஷம் அக்டோபரிலிருந்து என் வீட்டுக்குப் பதினொரு சிலிண்டர் வந்திருக்கிறது. ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில் மாதம் ஒரு சிலிண்டர் எரியாது, ஆகவே வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு விற்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள்.

சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்தானேம்மா?" என்றார். "வேற என்ன சார்?" என்றேன்.

நவம்பர் 20

விசாரணை. லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். நல்ல சேலை கட்டினேன். அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, அவர் வரப் போவதில்லை.

அடுப்பு விஷயத்தில் ஏஜென்சி வக்கீலின் வாயை சார் அடைத்துவிட்டார். சோதித்தவர் யார், எந்தத் தேதியில் வந்தார் என்று கேட்டதும் அந்த வக்கீல் தாளைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. அதற்குப் பிறகு வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நான் மட்டும்."

"அப்பறம் எதுக்கு இத்தனை சிலிண்டர்?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆணையத் தலைவர் மேஜை மேல் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"வெந்நீர் வைப்பேனுங்க. ரத்தத்துல கை வைக்கற வேலை. தினம் ரெண்டு வேளை வெந்நீர்ல குளிக்கணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாதம் ஒரு சிலிண்டர் வெந்நீரா என்று வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கே காது சுட்டது.

வெளியே வராந்தாவில் சார் என்னை நிறுத்தினார்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க. சிலிண்டர் எங்க போவுது?"

"கீழ் வீட்டு அக்காவுக்குக் குடுக்கறேன் சார்."

"விக்கறீங்களா?"

"பில் விலைக்குத்தான் சார். ஒத்தை ரூபா லாபம் இல்லை."

"அப்ப மேல குடுக்கற அறுபது ரூபா மாசாமாசம் உங்களுக்கு நஷ்டம். அந்த அறுபது ரூபாயை எதுத்துத்தான் கேஸே போட்டிருக்கறோம். எதுக்கும்மா இப்படிப் பண்றீங்க?"

அக்கா பாவம் சார் என்றேன். அவர் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்தார், டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

டிசம்பர் 3

சிலிண்டர். அறுபது ரூபாய். ஒன்பது, இரண்டு, இரண்டு, ஐந்து. சளி இப்போது இல்லை.

ஜனவரி 9

தீர்ப்பு வந்துவிட்டது. அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐயாயிரத்து அறுநூற்று நாற்பதையும் வாங்கிக்கொள்ளலாம். பெயர் மாற்றத்துக்கு எந்தப் பொருளையும் தலையில் கட்டக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு இரண்டாயிரம் ரூபாய். சிலிண்டர் தாமதம், அறுபது ரூபாய் இரண்டையும் தள்ளிவிட்டார்கள். ஒரு நபர் வீட்டுக்கு இந்தப் பயன்பாடு நம்பும்படியாக இல்லையாம். கணவரின் ஒப்புதல் கையெழுத்தைக் கொடுத்த பதினைந்து நாளில் இணைப்பு என் பெயருக்கு வந்துவிட வேண்டும்.

லேபில் எல்லோரும் கை கொடுத்தார்கள். ஏஜென்சியை எதிர்த்து நின்ற பொம்பளை என்று டாக்டர் அம்மாவே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். மன உளைச்சலுக்கு இரண்டாயிரம். எதை வைத்து அளந்தார்களோ.

ஜனவரி 12

சார் என்னைக் கேட்காமல் அவருக்குப் போன் செய்துவிட்டார். புகாரோடு இணைத்த ரசீதிலேயே நம்பர் இருந்ததாம். "உடனே ஒத்துக்கிட்டாரேம்மா. ஞாயித்துக்கெழமை வரேங்கறாரு. போட மாட்டேன்னு சொன்னதா சொன்னீங்க?" என்றார்.

நான் சிரிஞ்சு எடுக்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அங்கே பத்து நிமிஷம் நின்றேன்.

ஜனவரி 18

ஏஜென்சி இன்று அரை நாள் திறந்திருந்தது. பத்து மணிக்கு அவர் வந்தார். இளைத்திருக்கிறார். தலைக்குச் சாயம் அடித்திருக்கிறார், அது அவர் வேலை இல்லை. கவுண்டரில் படிவத்தை வைத்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டு, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. எட்டு மாதம் நான் சுமந்த படிவம்.

வெளியே வந்தோம். எதிரே பேக்கரியில் டீ சாப்பிடலாமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி ஸ்டாண்டு ஓரமாக நின்றோம்.

"இதுக்குப் போயி கேஸ் வரைக்கும் போவணுமா கோகிலா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே போட்டுக் குடுத்திருப்பேனே."

"அடுப்பு வாங்கச் சொல்லி ஏமாத்துனாங்க. அதுக்குத்தான் கேஸ்" என்றேன்.

"அது சரி" என்று தலையை ஆட்டினார். போகப் போகிறவர் மாதிரி செருப்பைத் தரையில் தேய்த்தார். பிறகு சொன்னார்.

"ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காதே. நீ பதியற ஒவ்வொரு மெசேஜும் எனக்குத்தானே வரும்? மாசாமாசம் வந்துது. நாம ரெண்டு பேரு இருந்தப்பவே ஒரு சிலிண்டரு ரெண்டு மாசத்துக்கு மேல ஓடும். எனக்குத் தெரியாதா?"

எதையாவது சொல்லியிருக்கலாம். வெந்நீர் என்று கூடச் சொல்லியிருக்கலாம்.

"தெரிஞ்சுதான் எடுத்தீங்களா?"

"முதல்ல கடுப்பாத்தான் இருந்துது. எடுக்காம விட்டுரலாம்னு இருந்தேன். பிரமிளாதான் சொன்னா, பாவம், எடுத்து நம்பரைச் சொல்லிருங்கன்னு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். குளித்தலை பஸ் பதினொன்றே காலுக்கு. ஏறும்போது, "இனிமே உன் நம்பருக்கே வந்துரும். நிம்மதிதானே?" என்றார்.

"ரொம்ப நிம்மதி" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய அடுப்பைத் தேய்த்தேன். பர்னர், தட்டு, குமிழ் எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்தேன். கை தோல் உரிந்துவிட்டது. அவமானமாக இருக்கிறது. விட்டுவிட்டுப் போன அன்று கூட இப்படி இருந்ததில்லை. அந்த ஏஜென்சிக்காரன் ஏமாற்றியதற்கு ரசீது இருந்தது.

பிப்ரவரி 6

முதல் சிலிண்டர் என் பெயரில் வந்தது. ஓடிபி என் போனுக்கே வந்தது. வாசித்தேன். பெரியண்ணன் அறுபது ரூபாய் கேட்கவில்லை. கேஸ் போட்ட அம்மா என்று ஏஜென்சியில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். முட்டியைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். கூப்பிட்டு நானே கொடுத்தேன்.

மெகருன்னிசா அக்கா கீழேயிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு வேண்டாம் தங்கச்சி" என்றார். உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டேன். அப்புறம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தட்டுச் சமோசா கொடுத்து அனுப்பினார்.

மார்ச் 11

சாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. இனிமேல் எழுத வேண்டாம்மா, கேஸ்தான் முடிந்துவிட்டதே என்றார்.

ஏப்ரல் 30

பிப்ரவரியில் வந்ததற்கு இன்றோடு எண்பத்து மூன்று நாள். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், இன்னும் கனக்கிறது. காலையில் ஒரு டம்ளர் காபி, ஒரு வேளைச் சோறு, ராத்திரிக்கு ஒரு தோசை. ஒருத்திக்கு இவ்வளவுதான் செலவாகும் போலிருக்கிறது.